துள்ளுமாரி ஊசிப் புட்டியில் இருப்பது என்ன?

ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்து கரிசல் காடு பச்சை கட்டிவிட்டால், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆட்டுக்காரர்களுக்கு மகிழ்ச்சியோடு ஒரு பயமும் வந்து சேரும். சித்திரை தொடங்கி காய்ந்த தட்டையையும் வேலிக்காத்தான் நெற்றையும் தின்று வயிறு ஒட்டிக் கிடந்த ஆடுகள், இளம்புல்லைக் கண்டதும் ஆசை தீர மேய்கின்றன. சாயங்காலம் கிடைக்குத் திரும்பும்போது குட்டிகள் துள்ளி விளையாடுகின்றன. விடிந்து பார்த்தால் மந்தையிலேயே கொழுத்த குட்டி கால் விறைத்துக் கிடக்கிறது. அடுத்த நாள் இன்னொன்று. சில குட்டிகள் நம் கண்ணெதிரே ஒரு துள்ளுத் துள்ளி, தலை பின்னால் வளைய விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டே உயிரை விடும். துள்ளுமாரி என்ற பெயரே நோயின் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது.

நோய் கண்டபின் வைத்தியம் செய்ய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே முன்கூட்டியே தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கால்நடைத் துறையினர் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் ஊசி போட்ட மந்தையிலும் சில சமயம் சாவு விழுகிறது. "ஊசி போட்டுந்தான் நாலு குட்டி போயிருச்சேய்யா! அந்தப் புட்டியில மருந்துதான் இருக்கா, வெறுந் தண்ணியா?" என்று ஒரு கீதாரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். புட்டியில் இருப்பது இன்னது என்று தெரிந்தால், அது எப்போது காக்கும், எப்போது காக்காது என்பதும் விளங்கிவிடும். அதை அறிந்துகொள்ள, கிருமியின் எந்தப் பகுதியை ஆட்டின் உடம்புக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பதை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குடலிலேயே இருக்கும் கிருமி

துள்ளுமாரியை உண்டாக்குவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வெல்ச், நட்டால் என்ற இருவர் 1892-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். காற்றுப் படாத இடத்தில்தான் இது பெருகும். மண்ணில் விதை போன்ற வித்துக்களாக நெடுங்காலம் கிடக்கும். நல்ல ஆரோக்கியமான ஆடுகள் பலவற்றின் குடலிலும் சிறு எண்ணிக்கையில் குடியிருக்கும். அப்போது அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

காய்ந்த தீவனம் தின்று பழகிய ஆடு திடீரென்று இளம்புல்லையோ தானியத்தையோ நிறையத் தின்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. முதல் இரைப்பையில் செரித்து முடியாத மாவுச்சத்து அப்படியே சிறுகுடலுக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் கிருமிக்கு அது கல்யாண விருந்து. சில மணி நேரத்தில் கணக்கற்றுப் பெருகி, விஷத்தைக் கக்குகிறது. குடலின் சுவர் வழியாக விஷம் இரத்தத்தில் கலந்து, மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது. நோஞ்சான் குட்டியை விட்டுவிட்டு, தாய்ப்பாலை ஒற்றையாகக் குடித்துக் கொழுத்த குட்டியையே இந்நோய் தேடிப் பிடிப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். அதிகம் தின்றது எதுவோ, அதன் குடலில்தான் கிருமிக்கும் அதிக விருந்து.

மக்காச்சோளம் அறுத்த காட்டில் உதிர்ந்த மணிகளைப் பொறுக்கவிட்டாலும், கல்யாண வீட்டில் மீந்த சோற்றைக் கொட்டி வைத்தாலும் இதே விளைவு ஏற்படலாம். மீந்த சோறு வீணாகிறதே என்று ஆட்டுக்கு வைத்து, மறுநாள் ஆட்டையே இழந்தவர்கள் உண்டு.

கொல்வது கிருமியா, அதன் விஷமா?

சிவகாசிக்காரர்களுக்கு லேபிள் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. நாடெங்கும் போகும் பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் இங்கேதான் லேபிள் அச்சாகிறது. கிருமியின் உடம்பிலும், அது வெளியே விடும் பொருள்களிலும் இதுபோன்ற அடையாளங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆட்டின் உடம்பு இவற்றைப் பார்த்துத்தான் "இது நம்முடையது அல்ல" என்று கண்டுகொண்டு, எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. இந்த அடையாளப் பொருளுக்கு ஆன்டிஜன் என்று பெயர். ஒருமுறை பார்த்த ஆன்டிஜனை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். தடுப்பு ஊசி என்பது, நிஜமான நோய் வருவதற்கு முன்பே அந்த அடையாளத்தை உடம்புக்குக் காட்டி வைப்பதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா அடையாளத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வதால் ஆடு பிழைத்துவிடாது. பெரும்பாலான ஆன்டிஜன்களுக்கு உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும். ஆனால் அவற்றால் நோய் தடைபடாது. எந்த ஒன்றைத் தடுத்தால் சாவு நிற்குமோ, அதைத் தேடிப் பிடிப்பதில்தான் தடுப்பு ஊசி விஞ்ஞானத்தின் கஷ்டம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வழியைக் காட்டியது ஆட்டு நோய் அல்ல. குழந்தைகளைக் கொன்ற தொண்டை அடைப்பு நோயான டிப்தீரியா. பாரிசில் ரூ, யெர்சின் என்ற இருவர் 1888-ல் இந்தக் கிருமியை வளர்த்த சாற்றை, கிருமி நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். கிருமி மேலே தங்கிவிட்டது. கீழே இறங்கிய தெளிந்த சாற்றை விலங்குகளுக்கு ஊசி மூலம் செலுத்தியபோதும் அவை செத்தன. ஆக, கொல்வது கிருமியின் உடம்பு அல்ல, அது கரைத்துவிட்ட விஷம் என்று தெரிந்தது. 1890-ல் பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ இருவரும், விஷத்தைச் சிறிது சிறிதாகத் தந்து பழக்கிய விலங்கின் சீரம் அந்த விஷத்தை முறித்துவிடுவதைக் காட்டினார்கள்.

இந்த இரண்டு சோதனைகளும் ஆட்டு நோய்க்கு அப்படியே பயன்பட்டன. 1931-ல் வில்ஸ்டன் என்பவர், நம் துள்ளுமாரிக் கிருமியின் குடும்பத்தை அது விடும் விஷங்களைக் கொண்டு ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்தார். (இன்று ஏ முதல் ஜி வரை 7 வகைகள் உண்டு.) அடுத்த ஆண்டே, 1932-ல், மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னெட்ஸ் என்ற கால்நடை விஞ்ஞானி, அங்கே செம்மறிகள் திடீரென்று மடிவதற்குக் குடலில் உண்டாகும் இந்த விஷமே காரணம் என்று நிலைநாட்டினார். நல்ல மேய்ச்சல் கண்ட ஆடுகளே அங்கும் செத்தன.

சோதிக்கும் முறை எளிது. செத்த ஆட்டின் குடலில் உள்ள நீரை வடிகட்டிச் சுண்டெலிக்கு ஊசி போட்டால் எலி சாகும். அதே நீரில் எப்சிலான் என்ற விஷத்துக்கான எதிர்ப்புச் சீரத்தைக் கலந்து இன்னொரு எலிக்குப் போட வேண்டும். அது மட்டும் பிழைத்து, மற்றச் சீரங்கள் கலந்த நீரைப் பெற்ற எலிகள் செத்தால், கொன்றது எப்சிலான் விஷம் என்று முடிவு. டி வகைக் கிருமி பல பொருள்களை வெளிவிட்டாலும், ஆட்டைக் கொல்லும் கொலைகாரன் இந்த ஒன்றுதான். கிளாஸ்ட்ரிடியம் இனத்து விஷங்களில் போட்டுலினம், டெட்டனஸ் இரண்டுக்கும் அடுத்தபடியாகக் கொடியது இது என்று சொல்லுவார்கள்.

தேட வேண்டிய ஆன்டிஜன் இவ்வாறு கிடைத்துவிட்டது. கிருமியின் உடம்பைக் கொன்று ஊசியாகப் போட்டுப் பயன் சொற்பம். ஏனெனில் கிருமி இருப்பது குடலின் உள்ளே, இரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் பொருள் அங்கே போய் அதைத் தடுப்பது கடினம். ஆனால் விஷம் இரத்தத்துக்கு வந்துதானே மூளைக்குப் போக வேண்டும்? இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தயாராக இருந்தால், வழியிலேயே மடக்கிவிடலாம்.

நனைந்த வெடி

கொல்லும் விஷத்தையே ஊசியாகப் போட்டால் ஆடு செத்துப் போகுமே! இதற்கும் டிப்தீரியாதான் விடை தந்தது. 1923-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் கிளென்னியும் பிரான்சில் ராமோனும், விஷத்தில் சிறிது ஃபார்மலின் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால் அதன் கொல்லும் சக்தி போய்விடுகிறது, ஆனால் உருவம் மாறுவதில்லை என்று கண்டார்கள். மழையில் நனைந்த வெடியைப் போல. சுற்றிய காகிதம் இருக்கும், லேபிள் இருக்கும், திரிகூட இருக்கும், வெடிக்காது. அதைப் பார்த்த உடம்பு ஏமாந்து, நிஜ விஷத்துக்கு வேண்டிய எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைக்கிறது. இப்படிப் பல் பிடுங்கிய விஷத்துக்கு டாக்ஸாய்டு என்று பெயர். துள்ளுமாரி ஊசியில் வேலை செய்யும் சரக்கு இதுதான். வெறுந் தண்ணீர் அல்ல என்பதைக் கீதாரிக்குச் சொன்னேன்.

இன்னொரு வேடிக்கையும் 1940-களில் தெளிவாயிற்று. இந்தக் கிருமி வெளியே விடும்போது விஷம் முழு வீரியத்துடன் இருப்பதில்லை. திரி பற்ற வைக்காத வெடியாகத்தான் வருகிறது. ஆட்டின் குடலில் புரதத்தைச் செரிக்கச் சுரக்கும் டிரிப்ஸின் என்ற பொருள், அந்த விஷத்தின் இரு முனைகளிலும் சிறு துண்டுகளை வெட்டிவிடுகிறது. உடனே அது பல மடங்கு வீரியம் பெறுகிறது. திரியைப் பற்றவைப்பது ஆட்டின் சொந்தக் குடலேதான்! ஆகவே பரிசோதனைச் சாலையில் வளர்த்த சாற்றில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், டிரிப்ஸின் கலந்த பிறகே எலியில் சோதிக்க வேண்டும். கலக்காமல் சோதித்து, விஷம் குறைவு என்று நல்ல சாற்றைக் கொட்டிவிடக் கூடாது.

தயாரிப்பு முறையைச் சுருக்கமாகச் சொன்னால், இறைச்சிச் சத்து நிறைந்த சாற்றில், காற்றுப் புகாத பெரிய கலங்களில் கிருமியை வளர்க்கிறார்கள். விஷம் உச்சத்துக்கு வந்ததும் ஃபார்மலின் சேர்த்து, விஷத்தன்மை முழுவதும் போன பிறகு படிகாரத்தையோ அலுமினியக் கூழையோ கலக்கிறார்கள். கூழ் எதற்கு என்றால், ஆன்டிஜன் உடனே கரைந்து ஓடிவிடாமல் ஊசி போட்ட இடத்தில் தங்கி, உடம்புக்கு நெடுநேரம் தன்னைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். பிறகு ஒவ்வொரு தயாரிப்பையும் முயல்களுக்குப் போட்டு, அவற்றின் சீரம் எவ்வளவு விஷத்தை முறிக்கிறது என்று அளந்து பார்ப்பது வழக்கம். சுண்டெலிக்குப் பதிலாக, பரிசோதனைச் சாலையில் வளரும் நாயின் சிறுநீரகச் செல்களில் இந்த விஷத்தைச் சோதிக்கும் முறையும் இப்போது உண்டு.

நம் மாநிலத்தில் கால்நடைத் தடுப்பு மருந்துகளுக்குப் பெயர் பெற்றது ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். 1932-ல் தொடங்கிய இந்நிலையம், ஆரம்பத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய்க்கான சீரம் தயாரித்தது. அந்த வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. தடுப்பு ஊசியின் பெருமைக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. (கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் நோய்க்கும் ராணிப்பேட்டைக்கும் சம்பந்தம் இல்லை. ராணிக்கெட் என்பது வடக்கே இமயமலையில் உள்ள ஊர். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.)

எல்லா நோய்க்கும் ஒரே வழியா?

விஷத்தைப் பிடித்தால் போதும் என்பது துள்ளுமாரிக்குச் சரி. எல்லாக் கிருமிக்கும் அது பொருந்தாது. நம் பக்கத்தில் பெயர்க் குழப்பம் வேறு இருப்பதால், இரண்டு நோய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடைப்பான் ஒரு நோய். தொண்டை அடைப்பான் வேறு நோய். கிருமி வேறு, ஆன்டிஜன் வேறு, ஊசியும் வேறு. "அடைப்பானுக்கு ஊசி போட்டாச்சு" என்று ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதுக்கும் சேர்த்து நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் உண்டு.

அடைப்பான் என்பது ஆந்த்ராக்ஸ். மனிதருக்கும் தொற்றக்கூடியது. 1881-ல் பிரான்சில் பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில் பாஸ்டர் 25 ஆடுகளுக்குத் தடுப்பு ஊசி போட்டு, 25 ஆடுகளைப் போடாமல் விட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் அடைப்பான் கிருமியைச் செலுத்தினார். ஊசி போடாதவை மடிந்தன. ஊசி போட்டவை நின்றன. உலகமே வியந்தது. ஆனால் எந்த ஆன்டிஜன் காப்பாற்றியது என்று பாஸ்டருக்கே தெரியாது! வெகுகாலம் கழித்து, 1946-ல், கிளாட்ஸ்டன் என்பவர் இக்கிருமியை வளர்த்த சாற்றிலிருந்து காப்பு அளிக்கும் புரதம் ஒன்றைக் கண்டார். அதற்குக் காப்பு ஆன்டிஜன் என்றே பெயர். கிருமியின் விஷம் உடம்பின் செல்லுக்குள் நுழைவதற்கு இந்தப் புரதமே வாசல். வாசலை அடைத்தால் விஷம் உள்ளே போக வழி இல்லை.

அதற்கு முன்பே 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன், மேலுறை போர்த்திக்கொள்ளத் தெரியாத ஓர் அடைப்பான் கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார். உறை இல்லாததால் அதை உடம்பு எளிதாக அழித்துவிடும். ஆனால் அழிவதற்குள் அது காப்பு ஆன்டிஜனை உடம்புக்குக் காட்டிவிடும். கால்நடைகளுக்குப் போடும் அடைப்பான் ஊசிக்கு இன்றும் அதன் உயிருள்ள வித்துக்களே அடிப்படை. இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் பிறக்கிறது. அடைப்பான் ஊசி போடும் நாட்களில் பென்சிலின் போன்ற மருந்துகளைக் கொடுத்தால், ஊசியில் உள்ள உயிர்க் கிருமியே செத்து ஊசி வீணாகும். துள்ளுமாரி ஊசியில் உயிருள்ளது எதுவும் இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

தொண்டை அடைப்பான், மழைக்காலத்தில் எருமைகளையும் மாடுகளையும் தொண்டை வீங்கச் செய்து கொல்வது. இதன் கிருமி பாஸ்டுரெல்லா மல்டோசிடா. இதற்குத் துள்ளுமாரி போலத் தனி ஒரு விஷத்தைக் காட்டிப் பிரச்னையை முடிக்க வழியில்லை. கிருமியின் மேலுறையும் வெளிச்சுவரும்தான் முக்கியம். உறையைக் கொண்டு ஏ, பி, டி, ஈ, எஃப் என்றும், சுவரைக் கொண்டு எண்களாலும் வகைப்படுத்துகிறார்கள். ஆசியாவில் இந்நோயைத் தருவது பி-2 வகை; ஆப்பிரிக்காவில் ஈ-2. நம் நாட்டு ஊசிக்கு வெகுகாலமாகப் பயன்படும் பி-52 என்ற கிருமி இந்த பி-2 வகையைச் சேர்ந்தது. முழுக் கிருமியையும் கொன்றே ஊசியாக்குகிறார்கள்.

முழுக் கிருமியைக் கொடுத்தால் எல்லா ஆன்டிஜனும் வந்துவிடுமே என்று தோன்றும். அப்படி இல்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைத் திணற அடித்தது. பரிசோதனைச் சாலையில் திரும்பத் திரும்ப வளர்த்தால் இந்தக் கிருமி மேலுறையைக் கழற்றிவிடுகிறது. மேலும், விலங்கின் இரத்தத்தில் கிருமிக்கு இரும்புச் சத்து எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பிடுங்குவதற்கென்றே சில புரதங்களைத் தன் சுவரில் அங்கே முளைக்கவிடுகிறது. சாறு நிறைந்த கலத்தில் இரும்பு தாராளமாக இருப்பதால் அந்தப் புரதங்கள் வருவதே இல்லை. உடம்புக்குள் ஒரு வேஷம், கலத்துக்குள் ஒரு வேஷம். கலத்து வேஷத்தை மட்டும் மாட்டுக்குக் காட்டினால், நிஜத்தில் வரும்போது அடையாளம் முழுவதும் பொருந்தாது. ஆன்டிஜனைத் தேடுகிறவர்கள் கிருமியை அது நோய் உண்டாக்கும் சூழ்நிலையிலேயே பார்க்க வேண்டும் என்பது இதனால் தெரிந்தது.

ஜாதகத்தைப் படித்துத் தேடுவது

இப்போது தேடும் முறையே தலைகீழாகிவிட்டது. முன்பு கிருமியை வளர்த்து, சாற்றை வடித்து, ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பார்த்தார்கள். இன்று கிருமியின் ஜீன்கள் முழுவதையும் ஜாதகம் படிப்பதுபோல் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு, எந்த ஜீன் கிருமியின் வெளிப்புறத்தில் இருக்கக்கூடிய புரதத்தைத் தரும் என்று முதலில் பொறுக்கி எடுக்கிறார்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு 2000-ல் இப்படித்தான் செய்தார்கள். பல நூறு ஜீன்களைக் குறித்து, 350 அளவில் புரதங்களைத் தயாரித்து எலிகளுக்குப் போட்டதில், கிருமியைக் கொல்லும் எதிர்ப்புப் பொருளைத் தூண்டியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலும் ஒரு சிலவே கடைசியில் ஊசிக்குள் போயின. 2013-ல் ஐரோப்பாவில் அந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. ஜாதகம் படித்தபின்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாஸ்டுரெல்லா கிருமி ஒன்றின் ஜாதகம் 2001-ல் வெளியாயிற்று; சுமார் 2,000 ஜீன்கள். அது கோழியைத் தாக்கும் வகையின் கிருமி என்றாலும், தொண்டை அடைப்பானுக்கு நல்ல ஆன்டிஜன் தேடுகிறவர்களுக்கும் அது கைவிளக்காக இருக்கிறது.

துள்ளுமாரிக்குத் தேடல் முடிந்துபோன கதை. ஆனால் தயாரிப்பை எளிதாக்கும் வேலை நடக்கிறது. எப்சிலான் விஷத்தின் ஜீன், கிருமியின் முக்கிய ஜாதகத்தில் இல்லாமல், பிளாஸ்மிட் என்ற தனித் துணுக்கில் இருக்கிறது. அந்த ஜீனை எடுத்து வேறொரு சாதுவான பாக்டீரியாவில் வைத்து விஷப் புரதத்தைத் தயாரிக்கலாம் என்பதை டில்லியில் உள்ள தேசிய நோய்த் தடுப்பியல் நிறுவனத்தினர் 1996-ல் செய்து காட்டினர். 1998-ல் இங்கிலாந்தில் இன்னொரு படி மேலே போய், அந்தப் புரதத்தில் 106-ஆவது இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, விஷமே இல்லாத, ஆனால் எலிகளை விஷத்திலிருந்து காக்கும் புரதத்தை உண்டாக்கினார்கள். நனைக்க வேண்டிய அவசியமே இல்லை; மருந்தில்லாமலேயே சுற்றிய வெடி. ஃபார்மலின் சரியாக வேலை செய்ததா என்ற பயம் இதில் இல்லை.

ஊசி பலிக்காதது ஏன்?

இனி கீதாரியின் கேள்விக்கு வருவோம். அவருடைய மந்தை வேம்பூர் ஆடுகள். வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெறித்த, இந்தக் கரிசல் வெயிலுக்குப் பழகிய இனம். விசாரித்ததில், மழை பெய்து இரண்டு குட்டி செத்த பிறகுதான் ஊசி போட்டிருக்கிறார். அதுவும் ஒரே ஊசி.

டாக்ஸாய்டு உயிரற்ற பொருள். அது உடம்பில் பெருகுவதில்லை. ஆகவே முதல் ஊசி உடம்புக்கு அறிமுகம் மட்டுமே. தரும் காப்பு குறைவு, நீடிப்பதும் இல்லை. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டால்தான் எதிர்ப்புப் பொருள் நன்றாக ஏறும். அதற்கும் பத்துப் பன்னிரண்டு நாட்கள் பிடிக்கும். ஐப்பசி மழைக்குத் தயாராக வேண்டுமானால் ஆவணியில் முதல் ஊசியும் புரட்டாசியில் இரண்டாவதும் போட்டிருக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் ஒரு ஊசி போதும். புதிதாகச் சந்தையில் வாங்கிச் சேர்த்த ஆட்டுக்குப் பழைய கணக்கு செல்லாது. அதற்கு இரண்டு ஊசியும் வேண்டும்.

சினை ஆட்டுக்குக் குட்டி போடுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஊசி போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்புப் பொருள் போய்ச் சேரும். குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். பால் காசுக்காகவோ, கட்டிக் கொள்ளும் என்ற பயத்தாலோ பீய்ச்சி வெளியே ஊற்றினால் இந்தக் காப்பும் கீழே போயிற்று. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில வாரங்களில் தேய்ந்துவிடும். அது நிறைய இருக்கும்போது குட்டிக்கு ஊசி போட்டாலும் பயன் குறையும் என்பதால், குட்டிக்கு எந்த வயதில் முதல் ஊசி என்பதைத் தாய்க்கு ஊசி போட்டதா இல்லையா என்று சொல்லி, கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

வெள்ளாடு வளர்ப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளாட்டுக்கு இந்த ஊசி செம்மறிக்குத் தரும் அளவு காப்பைத் தருவதில்லை. விஷம் இரத்தத்துக்கு வருவதற்கு முன்பே அதன் குடலைப் புண்ணாக்கிக் கழிச்சலை உண்டாக்குகிறது. எதிர்ப்புப் பொருளும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒன்று போதாமல், நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும்படி சொல்லுவதுண்டு.

அடுத்து, குளிர்ச்சி. புட்டியை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைக்க வேண்டும். சிவகாசி வெயிலில் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தால் ஆன்டிஜன் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது தெரிவதில்லை. அலுமினியக் கூழ் உறைந்தால் திரிந்துபோய், மறுபடி பழைய நிலைக்கு வராது. ஆகவே புட்டியை ஐஸ் கட்டி மேல் நேரடியாக வைக்காமல், காகிதமோ துணியோ சுற்றி வைக்கவும். ஊசி போடுமுன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆடுகளுக்குத் தெளிந்த நீரும் கடைசி ஆடுகளுக்கு அடிக் கூழும் போகும். கீதாரி சொன்ன "வெறுந் தண்ணி" அந்த வகையில் சில ஆடுகளுக்கு உண்மையாகவும் இருந்திருக்கலாம். திறந்த புட்டியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

ஊசி போட்ட மந்தைக்கும் தீவனத்தில் கட்டுப்பாடு வேண்டும். குடலில் விஷம் அளவு மீறிச் சுரந்தால் நல்ல எதிர்ப்புப் பொருளும் தோற்றுப்போகும். மழைக்குப் பின் முதல் ஒரு வாரம், காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டையைத் தின்ன வைத்துவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். கண்மாய்க் கரையில் முளைத்த பசும்புல்லில் பசியோடு ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது.

ஆடு செத்தால் துள்ளுமாரிதான் என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த, உறையாத இரத்தம் கண்டால் அது அடைப்பானாக இருக்கலாம்; அப்படிப்பட்ட ஆட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்லி, அவர் சொல்கிறபடி சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். அந்த அடையாளம் இல்லாவிட்டாலும் டாக்டரைக் கொண்டே அறுத்துப் பார்க்க வேண்டும். துள்ளுமாரி என்றால் சிறுநீரகம் கூழாகக் குழைந்திருக்கும், இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கும். வெயிலில் கிடந்து நேரமானால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் குழைந்துவிடும், விஷத்தின் அடையாளமும் மறைந்துவிடும். எனவே காலையில் கண்டால் காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சிறுகுடலில் உள்ள நீரை எடுத்து, மாவட்டத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவின் மூலம் சோதனைக்கு அனுப்புவார்கள். எந்தத் தேதியில், எந்த ஊசி, எத்தனை ஆட்டுக்குப் போட்டது என்பதையும், புட்டியின் லேபிளில் உள்ள தொகுதி எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அப்போது எடுத்துக் காட்டலாம்.